சலுகை யாருக்கு?

மாசி மாதம் ஸ்ரீமுஷ்ணத்துக்கு விசேஷமான மாதம். பூவராகப் பெருமாள் ஊரை விட்டுப் புறப்பட்டு, கிள்ளைக் கடற்கரையில் மகத்தன்று தீர்த்தவாரி கண்டு திரும்புவார். அங்கே முஸ்லிம் மக்கள் மாலை மரியாதையுடன் அவரை வரவேற்பது தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. மதத்தின் பேரால் மக்களைப் பிரிக்க நினைப்பவர்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டிய காட்சி அது.

அதே மாசி மாதத்தில் ஊரில் இன்னொரு சடங்கும் நடக்கிறது. மார்ச் 31 நெருங்கிவிடுவதால், பள்ளிக்கூடங்களிலும் சர்க்கார் காரியாலயங்களிலும் மாதச் சம்பளக்காரர்கள் வருமான வரிக் கணக்கை முடித்துக் கொடுக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் ரசீது, வீட்டுக் கடன் ரசீது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது ஆகியவற்றோடு, சிலர் ஊனமுற்றோர் சர்டிபிகேட்டின் நகலையும் இணைக்கிறார்கள். அவர்களைப் பற்றியும், இணைப்பதற்கு எதுவுமே இல்லாதவர்களைப் பற்றியும் இந்த வாரம் எழுத விரும்புகிறோம்.

ஒரு தெருவை மனதில் வைத்துக் கொள்வோம். அதில் மூன்று வீடுகள். முதல் வீட்டில் ஓர் ஆசிரியர். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியவர். இரண்டாவது வீட்டில் ஒரு தொழிலாளி. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் வேலை செய்து, தெறித்த சில்லு பட்டு ஒரு கண்ணை இழந்தவர். மூன்றாவது வீட்டில் ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண்; மூளை முடக்குவாதத்தால் எழுந்து உட்காரக்கூட முடியாத குழந்தையை வைத்துக் கொண்டு, நடவுக்கும் களைக்கும் போகிறவர். இவர்கள் நாம் உதாரணத்துக்காகச் சொல்லுகிறவர்கள்தான். ஆனால் இப்படிப்பட்ட மூன்று வீடுகள் இல்லாத தெரு இந்தத் தாலுகாவில் எங்கே இருக்கிறது? 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல்.

இந்த மூன்று வீடுகளுக்கும் சர்க்கார் என்ன தருகிறது?

முதலில் ஆசிரியர் வீடு. 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 80-யு என்று ஒரு பிரிவு இருந்தது. நூற்றுக்கு 40 அல்லது அதற்கு மேல் ஊனம் உள்ளவர் தமது வருமானத்தில் 75,000 ரூபாயைக் கழித்துக் கொண்டு மீதிக்கு மட்டும் வரி கட்டினால் போதும். 80க்கு மேல் போனால் கழிவு 1,25,000 ரூபாய். ஊனமுற்ற பிள்ளையையோ, மனைவியையோ, தாய் தகப்பனையோ, உடன்பிறந்தாரையோ வைத்துக் காப்பாற்றுகிறவருக்கு 80-டிடி என்ற பிரிவில் இதே தொகைகள் கழிவாகக் கிடைக்கும். எவ்வளவு செலவாயிற்று என்று பில் காட்ட வேண்டியதில்லை. உரிய மருத்துவ அதிகாரி கொடுத்த சர்டிபிகேட் இருந்தால் போதும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை ஊனம் ஆகியவற்றுக்குத் தனிப் படிவம். இந்த 75,000, 1,25,000 என்ற தொகைகளை 2015ல் நிர்ணயித்தார்கள். 1961 சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமுலுக்கு வரும்படி 2025ல் புதிய வருமான வரிச் சட்டத்தைப் பார்லிமெண்ட் நிறைவேற்றியது. இடைப்பட்ட பத்து வருஷங்களில் மருந்து விலை ஏறியது, துணையாள் கூலி ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது. கழிவுத் தொகை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

சரி, நின்ற இடத்திலாவது நின்றதே என்று ஆறுதல் கொள்ளலாமா? அதற்கும் வழியில்லை. 2020ஆம் வருஷத்துப் பட்ஜெட்டில் "புதிய முறை" என்ற ஒன்றைக் கொண்டு வந்தார்கள். வரி விகிதம் குறைவு; ஆனால் கழிவுகள் கிடையாது என்பது அதன் சாரம். 80-யு, 80-டிடி இரண்டுமே அதில் அடிபட்டுப் போயின. 2023-24ஆம் வருஷத்திலிருந்து யாரும் வாய் திறந்து வேண்டாமென்று சொல்லாதவரை புதிய முறையே பொருந்தும் என்று மாற்றிவிட்டார்கள். பழைய முறைதான் வேண்டும் என்று சம்பளக்காரர் ஒவ்வொரு வருஷமும் சொல்ல வேண்டும். கடை வைத்திருப்பவராக இருந்தால், குறித்த தேதிக்குள் தனிப் படிவம் கொடுக்க வேண்டும். அவர் பிறகு புதிய முறைக்குப் போய்விட்டால், வியாபார வருமானம் இருக்கிறவரை பழைய முறைக்குத் திரும்ப முடியாது. ஊனமுற்றோர் சலுகையை ரத்து செய்துவிட்டோம் என்று எந்த மந்திரியும் அறிவிக்கவில்லை. வீட்டை இடிக்கவில்லை, வாசற்படியை மட்டும் எடுத்துவிட்டார்கள். கால் விளங்காதவர் எப்படி ஏறுவார் என்பதைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை?

"2025-26 முதல் 12 லட்சம் ரூபாய் வரை வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே கிடையாதே, பிறகு எதற்குத் தனிச் சலுகை?" என்று ஆளுங்கட்சி நண்பர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயம்போலத் தோன்றும். அந்த வரம்புக்குள் சம்பளம் வாங்கும் நமது ஆசிரியர் இன்று வரி கட்ட வேண்டியதில்லை என்பதை நாமும் ஒப்புக் கொள்ளுகிறோம். ஆனால் கவனியுங்கள்: இரண்டு கால்களும் நன்றாக உள்ளவருக்கும் அதே 12 லட்சம், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் அதே 12 லட்சம். ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவர் பஸ்ஸில் போகிறார். மற்றவர் ஆட்டோ வைத்துக் கொண்டுதான் போக வேண்டும். ஒருவர் தண்ணீர்க் குடத்தைத் தாமே தூக்குகிறார். மற்றவர் அதற்கு ஆளுக்குக் கூலி கொடுக்கிறார். ஊனம் என்பதற்கு ஒரு செலவு உண்டு, அந்தச் செலவை வருமானமாகக் கருதக் கூடாது என்பதுதான் 80-யு பிரிவின் தத்துவம். புதிய முறை அந்தத் தத்துவத்தையே கைகழுவிவிட்டது. 1961 சட்டத்தின் கீழ் அதில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று: பார்வையற்ற, காது கேளாத, கால் ஊனமுற்ற ஊழியருக்கு மாதம் 3,200 ரூபாய் வரை போக்குவரத்துப் படிக்கு வரி விலக்கு. அதுவும் எஜமானர் அந்தப் படியைக் கொடுத்தால்தான்!

ஆகவே நமது முதல் கோரிக்கை எளிமையானது. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், ஊனத்துக்கான கழிவு இரண்டிலும் கிடைக்க வேண்டும். தொகையை விலைவாசியோடு இணைத்து உயர்த்த வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு நாம் நின்றுவிட்டால், தெருவின் முதல் வீட்டோடு திரும்பிவிட்ட குற்றம் நம்மைச் சாரும். பழைய முறையின் கணக்கையே எடுத்துக் கொள்ளுங்கள். 10 லட்சத்துக்கு மேல் வரி விதிப்புக்குரிய வருமானம் உள்ள ஊனமுற்றவருக்கு 75,000 ரூபாய்க் கழிவினால் மிச்சமாவது, செஸ் உட்பட, 23,400 ரூபாய். கடும் ஊனம் என்றால் 39,000 ரூபாய். 5 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் இடையில் உள்ளவருக்கு 75,000 கழிவால் 15,600 ரூபாய் மிச்சம். 5 லட்சத்துக்குக் கீழே உள்ளவருக்கு? சைபர். ஏனென்றால் அவர் வருமான வரியே கட்டவில்லை! மேலே போகப் போகப் பெருகுவதும், கீழே வர வரக் கரைவதுமான விநோதச் சலுகை இது. கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும் இரண்டாவது, மூன்றாவது வீடுகளைப் பற்றி வருமான வரிச் சட்டத்துக்கு எதுவும் தெரியாது.

அந்த வீடுகள் சர்க்காருக்கு வரியே கட்டவில்லையா? கட்டுகின்றன, தினந்தோறும் கட்டுகின்றன. கடையில் வாங்கும் சோப்பு, எண்ணெய், செருப்பு, மருந்து ஒவ்வொன்றின் விலைக்குள்ளும் ஜி.எஸ்.டி. மறைந்து உட்கார்ந்திருக்கிறது. கோடீசுவரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே விகிதம். அது மட்டுமல்ல, ஊனத்தின் மீதே வரி இருக்கிறது. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது சக்கர நாற்காலிக்கும், ஊன்றுகோலுக்கும், பார்வையற்றோர் எழுதும் பிரெய்ல் காகிதத்துக்கும் வரி விதித்தார்கள். காது கேட்கும் கருவிக்கு மட்டும் விலக்கு. நாடெங்கும் மாற்றுத் திறனாளிகளின் அமைப்புகள் கொதித்தெழுந்தன. 2025 செப்டம்பர் 22ந் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்களைப் பெருமளவில் திருத்தியபோதும் சக்கர நாற்காலியின் மீதான 5 சதவிகிதம் போகவில்லை.

8,000 ரூபாய் விலையுள்ள ஒரு சக்கர நாற்காலி என்று வைத்துக் கொண்டால், வரி 400 ரூபாய். மத்திய சர்க்கார் தனது இந்திரா காந்தி ஊனமுற்றோர் பென்ஷன் திட்டத்தின் கீழ் ஒருவருக்குக் கொடுக்கும் மாதத் தொகை எவ்வளவு தெரியுமா? 300 ரூபாய்! 2009ல் 200 என்று தொடங்கி, 2012ல் 300 ஆக்கினார்கள். 2025 வரை அதற்கு மேல் ஒரு பைசா ஏறவில்லை. அதையும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு, நூற்றுக்கு 80 ஊனம் இருந்தால்தான் தருவார்கள். ஒரு மாதப் பென்ஷனை ஒரு கையால் கொடுத்து, ஒரு நாற்காலிக்கு அதைவிட அதிகமாக மறு கையால் பறித்துக் கொள்ளும் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது? இன்னொரு கணக்கும் போடலாம். கடும் ஊனம் உள்ள செல்வந்தருக்கு வருமான வரியில் வருஷத்துக்கு 39,000 ரூபாய் விட்டுக் கொடுத்த அதே மத்திய சர்க்கார், கடும் ஊனம் உள்ள ஏழைக்கு வருஷத்துக்குக் கொடுப்பது 3,600 ரூபாய். முன்னவருக்குக் கொடுத்ததை நாம் குறை கூறவில்லை. அவருக்கும் நோய் நோய்தான், செலவு செலவுதான். பின்னவர் செய்த பாவம் என்ன என்று மட்டும் கேட்கிறோம்.

வரியைப் பூஜ்யமாக்கினால் உள்நாட்டு உற்பத்தியாளருக்குத்தான் நஷ்டம் என்று 2017ல் மத்திய சர்க்கார் ஒரு விளக்கம் கொடுத்தது. கச்சாப் பொருளுக்குக் கட்டிய வரியை அவர் திரும்பப் பெற முடியாது, வெளிநாட்டு நாற்காலி மலிவாகிவிடும் என்பது வாதம். நல்ல வாதம்தான், ஏற்றுமதி முதலாளிகள் என்ற ஒரு ஜாதி இந்த நாட்டில் இல்லாதிருந்தால்! ஏற்றுமதிக்கு வரியும் பூஜ்யம், கச்சாப் பொருளுக்குக் கட்டிய வரியும் திருப்பித் தரப்படும் என்று அதே ஜி.எஸ்.டி. சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போகும் பண்டத்துக்குச் செய்ய முடிந்ததை, ஸ்ரீமுஷ்ணத்துக்கு வரும் சக்கர நாற்காலிக்குச் செய்ய முடியாதா? பிரிட்டனில் ஊனமுற்றோருக்கென்றே தயாரித்த சாதனங்களுக்கு மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். வாங்குகிறவர் தமது நிலையைக் கூறி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கடைக்காரர் வரி போடாமல் கொடுக்கிறார். பிரிட்டன் ஒன்றும் சோஷலிஸ்டு நாடல்ல.

கார் விஷயத்தையும் ஒரு வரி சொல்லிவிடுவோம். கை கால் ஊனமுற்றோர் சிறிய கார் வாங்கினால் 28க்குப் பதில் 18 சதவிகிதம் என்று ஒரு சலுகை இருந்தது. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கு எல்லோருக்குமே 18 என்று ஆக்கியதும், அந்த வித்தியாசமும் மறைந்து போயிற்று. நமது தெருவில் யாரும் கார் வாங்கப் போவதில்லை. ஆனால் சலுகைகள் எப்படிச் சத்தமில்லாமல் சாகின்றன என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

இனி இரண்டாவது வீட்டுக்கு வருவோம். நம்மை மிகவும் வேதனைப்படுத்துகிற விஷயம் இங்கேதான் இருக்கிறது.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். அங்குள்ள தொழிற்பேட்டையில் பொம்மைகளும், மின்சார பியூஸ் கட்டைகளும், பீங்கான் சாமான்களும் தயாராகின்றன. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறி அங்கே கூலிக்குப் போய்வருவது நமது பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. அச்சு இயந்திரமும் சூளையும் உள்ள இடத்தில் விரலுக்கும் கண்ணுக்கும் ஆபத்து இருக்கத்தான் செய்யும். கண்ணைப் பறிகொடுத்த தொழிலாளிக்கு நஷ்டஈடு தர 1923ஆம் வருஷத்திலேயே வெள்ளைக்காரன் காலத்தில் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டது. அந்த 1923 சட்டத்தின் அட்டவணை, மற்றொரு கண் நன்றாக இருக்கும்போது ஒரு கண்ணை இழந்தவர் நூற்றுக்கு 40 பங்கு சம்பாதிக்கும் சக்தியை இழந்துவிட்டார் என்கிறது. கட்டை விரல் போனால் 30 பங்கு என்கிறது.

2016ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய சர்க்கார் வெளியிட்ட அளவீட்டு விதிகளோ, அதே ஒரு கண் இழந்தவருக்கு நூற்றுக்கு 30தான் ஊனம் என்கின்றன. 40 இருந்தால்தான் வரிச் சலுகை. அந்த 40தான் மற்றச் சலுகைகளுக்கும் பெரும்பாலும் வாசல். ஆகவே இவர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்! ஒரே மனிதன், ஒரே கண். முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டிய சட்டத்தில் 40. சர்க்கார் கொடுக்க வேண்டிய சட்டத்தில் 30. வைத்திய சாஸ்திரத்தின் அளவுகோல் வேறு, சம்பாதிக்கும் சக்தியின் அளவுகோல் வேறு என்று அதிகாரிகள் விளக்கம் சொல்லுவார்கள். விளக்கம் நமக்கும் தெரியும். சூளை வேலைக்கு ஒற்றைக் கண்ணோடு போனால் மேஸ்திரி எடுப்பாரா என்பதுதான் தொழிலாளிக்குத் தெரிய வேண்டியது. மேஸ்திரி நூற்றுக்கு 40 பார்ப்பதில்லை, 30 பார்ப்பதில்லை. "நாளைக்கு வா" என்கிறார்.

கண் தெரியும், விரல் தெரியும். நுரையீரல் வெளியே தெரிவதில்லை. பீங்கானுக்குக் களிமண்ணோடு குவார்ட்ஸ் கல்லையும் பெல்ட்ஸ்பார் கல்லையும் பொடி செய்து கலக்கிறார்கள். அந்தப் பொடியில் உள்ள சிலிக்கா, வருஷக்கணக்கில் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். சிலிக்கோசிஸ் என்ற இந்த வியாதிக்கு, வந்த தழும்பை நீக்கும் மருந்து கிடையாது. தொழிற்சாலைச் சட்டம் இதைத் தொழில் வியாதி என்று அறிவித்துப் பல காலமாயிற்று. ஆனால் 2016 சட்டத்தின் 21 வகை ஊனங்களின் பட்டியலில் இதற்கு இடமில்லை. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிற மனிதனுக்கு ஊனம் இல்லை என்று சட்டம் சொல்லுகிறது! கல்லுடைக்கும் தொழிலாளர்கள் நிறைந்த ராஜஸ்தானில் மக்கள் இடைவிடாமல் போராடியதன் பயனாக, 2019ல் அந்த மாநில சர்க்கார் இந்த வியாதிக்கென்றே ஒரு கொள்கையை வகுத்தது. நோய் உறுதியானதும் உதவித் தொகை, மாதப் பென்ஷன், இறந்தால் குடும்பத்துக்கு உதவி என்று அதில் ஏற்பாடு உண்டு. தமிழ்நாட்டில் ஏன் கூடாது? பீங்கான், கல்குவாரி, செங்கல், கண்ணாடித் தொழிலாளர்கள் இங்கே கொஞ்சமா?

மூன்றாவது வீட்டின் கதை சர்டிபிகேட்டின் கதை. சலுகை எதுவானாலும், வரியோ பென்ஷனோ பஸ் பாஸோ, முதலில் சர்டிபிகேட். அதோடு இப்போது யு.டி.ஐ.டி. என்ற தேசிய அடையாள அட்டை. 40க்குக் கீழே வெள்ளை, 40க்கு மேல் மஞ்சள், 80 முதல் நீலம் என்று அட்டைக்கு வர்ணம் பூசியிருக்கிறார்கள். மனு இணையத்தின் வழியாகப் போக வேண்டும். 2024 அக்டோபரில் விதிகளைத் திருத்தினார்கள். முன்பு ஒரு மாதத்துக்குள் சர்டிபிகேட் தர வேண்டும் என்று இருந்தது. இப்போது மூன்று மாதம் என்றாயிற்று. இரண்டு வருஷம் முடிவு எட்டாத மனு செத்துப் போகும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்தால் வேகம் வரும் என்று சொன்னார்கள், கெடு மும்மடங்காயிற்று.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஜில்லாவின் தலைநகரமான கடலூருக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். வளர்ந்த பிள்ளையை இடுப்பில் தூக்கிக் கொண்டு அந்தத் தாய் பஸ் மாறி மாறிப் போக வேண்டும். அன்றையக் கூலி போயிற்று. எலும்பு டாக்டர் வந்திருந்தால் நரம்பு டாக்டர் வரவில்லை, நரம்பு டாக்டர் வந்திருந்தால் மனநல டாக்டர் வரவில்லை என்றால் மறுபடி ஒரு நாள், மறுபடி ஒரு கூலி. பூமியையே தூக்கி நிறுத்திய பெருமாள் என்று ஸ்தல புராணம் பாடுகிற ஊரில், ஒரு பிள்ளையைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிட ஆளில்லாமல் ஒரு தாய் நிற்பது புராணக்காரர்களுக்கும் அழகல்ல, சர்க்காருக்கும் அழகல்ல.

டாக்டர்கள் மக்களிடம் வரட்டும். வருஷா வருஷம் தாலுகா காரியாலயத்தில் ஜமாபந்தி நடக்கிறதே. பட்டாவுக்கும் புறம்போக்குக்கும் ரெவின்யூ அதிகாரிகள் வந்து உட்கார முடிகிறபோது, அதே பந்தலில் மருத்துவக் குழு வந்து உட்கார என்ன தடை? உலக வங்கிக் கடனுதவியோடு "உரிமைகள்" என்ற திட்டத்தைத் தமிழ்நாடு சர்க்கார் தொடங்கியிருக்கிறது. உரிமையின் முதல் படி சர்டிபிகேட் என்பதால், அந்தப் படியைத் தாலுகாவுக்குத் தாலுகா, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டிக் கொடுப்பதில்தான் அதன் வெற்றி இருக்கிறது.

பென்ஷன் விஷயத்தில் தமிழ்நாடு சர்க்கார் 2023 ஜனவரி முதல் ரெவின்யூ இலாகா மூலம் தரும் தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தியது. மத்திய சர்க்காரின் 300ஐ வைத்துப் பார்த்தால் இது பெரிது. பக்கத்து ஆந்திராவை வைத்துப் பார்த்தால் சிறிது. அங்கே 2024 ஜூலை முதல் 6,000 ரூபாய், முற்றிலும் படுத்த படுக்கையானவர்களுக்கு 15,000. மற்றவர்களுக்கான திட்டத்தைவிட ஊனமுற்றோருக்கு நூற்றுக்கு 25 அதிகமாகத் தர வேண்டும் என்று 2016 சட்டத்தின் 24வது பிரிவு கூறுகிறது. 80 வயதைத் தாண்டிய முதியவருக்கும் 500 ரூபாய், 80 வயதைத் தாண்டிய ஊனமுற்றவருக்கும் அதே 500 ரூபாய் என்று கொடுக்கும் மத்திய சர்க்கார், தான் போட்ட சட்டத்தைத் தானே படிக்கவில்லை போலும். ஊனமுற்றோர் என்ற பெயரை மாற்றி மாற்றுத் திறனாளிகள் என்றோம், நல்ல காரியம். பெயருக்கு மரியாதை வந்தது. பானைக்கு அரிசி வர வேண்டாமா?

பணம் இல்லை என்பது எப்போதும் சொல்லும் பதில். 2019 செப்டம்பர் 20ந் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை, நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் ஓர் அவசரச் சட்டத்தை அறிவித்தார். கம்பெனிகளின் வரி நூற்றுக்கு 30லிருந்து 22 ஆகக் குறைந்தது. புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15. வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று அவரே கூறினார். எந்தக் கம்பெனியும் மருத்துவக் குழுவின் முன் நிற்கவில்லை. எந்தக் கம்பெனியும் நூற்றுக்கு 40 நோஞ்சான் என்று சர்டிபிகேட் கொண்டு வரவில்லை. ஒரே நாளில் முடிந்தது. 2025-26 பட்ஜெட்டில் நாடு முழுவதற்கும் மாற்றுத் திறனாளிகள் துறைக்கு ஒதுக்கியது சுமார் 1,275 கோடி ரூபாய். மேலே சொன்னதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

கடல் கடந்த நாடுகளில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றும் நாம் சொல்ல வரவில்லை. நமது உறவினர்கள் ஏராளமாகக் குடியேறியுள்ள கனடாவில் ஊனமுற்றோர் வரிச் சலுகை ஒன்று இருக்கிறது. டாக்டர் நீண்ட படிவம் பூர்த்தி செய்ய வேண்டும், வரி இலாகா முடிவு செய்யும். அங்கேயும் அது வரி கட்டுகிறவருக்குத்தான் கழிவு. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் கையில் அதனால் காசு வராது. மனு எழுதிக் கொடுப்பதாகச் சொல்லிக் கமிஷன் அடிக்கும் கம்பெனிகள் முளைத்து, அவர்களைக் கட்டுப்படுத்த 2014ல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. கடைசியில் 2025 ஜூலையில்தான், ஏழை ஊனமுற்றோருக்கு மாதம் 200 டாலர் வரை நேரடியாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். வரிக் கழிவு மட்டும் போதாது, கையில் பணம் தர வேண்டும் என்பதைப் பணக்கார நாடும் இப்படித் தாமதமாக ஒப்புக் கொண்டது.

மத்திய சர்க்கார் மனது வைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு. ஊனமுற்ற பிள்ளைக்காகப் பெற்றோர் இன்ஷூரன்ஸ் கட்டினால், பெற்றோர் இறந்த பிறகுதான் பிள்ளைக்குப் பணம் என்று 80-டிடி பிரிவில் ஒரு கொடுமை இருந்தது. ஒரு மாற்றுத் திறனாளி உச்ச நீதிமன்றம் வரை போனார். 2019 ஜனவரியில் கோர்ட் அதை ரத்து செய்ய மறுத்தாலும், சர்க்கார் யோசிக்க வேண்டும் என்றது. 2022 பட்ஜெட்டில், கட்டியவருக்கு 60 வயதானதும் அவர் உயிரோடிருக்கும்போதே பணம் கிடைக்கும்படி சட்டம் திருத்தப்பட்டது. தனி ஒருவர் தட்டியே அந்தக் கதவு திறந்தது.

ஸ்ரீமுஷ்ணத்தில் இப்போதே தட்ட வேண்டிய கதவு பேரூராட்சிக் காரியாலயத்தின் கதவு. அரையாண்டுக்கு ஒரு முறை வசூலிக்கும் தொழில் வரியிலிருந்து, கையோ காலோ முற்றிலும் செயலிழந்தோருக்கும், பார்வை முழுவதும் இல்லாதோருக்கும், காது கேளாத வாய் பேசாதோருக்கும், மூளை முடக்குவாதம் உள்ளோருக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. தையல் கடை, டீக்கடை, ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? கேட்டு வாங்காத விலக்கு கிடைக்காத விலக்கு. சர்டிபிகேட் நகலுடன் ஒரு மனு எழுதிக் கொடுத்து ரசீது பெற்றுக் கொள்ளுங்கள்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபை நிறைவேற்றிய திருத்தங்களின்படி, பேரூராட்சி முதல் மாநகராட்சி வரையிலும், கிராமப் பஞ்சாயத்துகளிலும் மாற்றுத் திறனாளிகள் நியமன உறுப்பினராக இடம் பெற வழி ஏற்பட்டிருக்கிறது. அந்த நாற்காலி அலங்காரத்துக்கல்ல. நியமனம் பெறுகிறவர் முதல் கூட்டத்திலேயே இரண்டு விஷயங்களை அஜெண்டாவில் ஏற்றச் சொல்ல வேண்டும்: தொழில் வரி விலக்குக்குரியவர்களின் பட்டியல் ஒன்று, ஸ்ரீமுஷ்ணத்திலேயே மருத்துவ முகாம் நடத்தக் கோரும் தீர்மானம் ஒன்று.

விவசாயத் தொழிலாளர் சங்கம், பீங்கான் தொழிலாளர்கள், ஆசிரியர் சங்கங்கள் ஆகியவற்றில் உள்ள வாசகர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். உங்கள் தெருவில் சர்டிபிகேட் இல்லாதவர் யார், மனு போட்டு மூன்று மாதத்துக்கு மேல் ஆனவர் யார், ஒரு கண்ணோ விரலோ இழந்து 40க்குக் கீழே தள்ளப்பட்டவர் யார் என்று வீடு வீடாகக் கணக்கெடுங்கள். வரிப் படிவம் எழுதத் தெரிந்த ஆசிரியர், எழுதத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கு யு.டி.ஐ.டி. மனு எழுதிக் கொடுக்கட்டும். திங்கட்கிழமை குறை தீர்க்கும் நாளன்று கலெக்டரிடம் எல்லா மனுக்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுங்கள். எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், எத்தனை மனுக்கள் என்பதை நமது காரியாலயத்துக்கு ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். பதில் வந்த தேதியையும் எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரசுரிக்கிறோம்.